இடைவெளியில் துண்டைச் சொருகச் சொன்ன நிறுவனத்துக்கு

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.
(பெயரும் முழு முகவரியும் ஆர்டர் பதிவில் உள்ளபடி)

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
குழந்தைப் பொருட்கள் விற்பனைப் பிரிவு.

நாள்: பிப்ரவரி 12

பொருள்: கட்டிலோடு ஒட்டும் குழந்தைத் தொட்டில் விலகி, பிறந்து 16 நாளான குழந்தை இடைவெளியில் இறங்கியது, விற்பனையை நிறுத்தி, வாங்கிய அனைவருக்கும் எச்சரிக்கை அனுப்பக் கோருவது தொடர்பாக.

பார்வை: ஜனவரி 29, பிப்ரவரி 2 ஆகிய நாட்களில் நான் அனுப்பிய மின்னஞ்சல்கள்.

ஐயா / அம்மா,

வணக்கம். ஜனவரி 3ஆம் தேதி உங்கள் தளத்தில் ரூ.8,990 கட்டி இந்தத் தொட்டிலை வாங்கினேன். பெரிய கட்டிலை ஒட்டி நிறுத்தி, ஒரு பக்கத் தடுப்பை இறக்கிவிட்டால், தாய் படுத்தபடியே கை நீட்டிப் பிள்ளையைத் தொடலாம் என்ற வகை. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் மகளுக்காக வாங்கியது. 12ஆம் தேதி பேத்தி பிறந்தாள். 28ஆம் தேதி இரவு, தொட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் விழுந்த இடைவெளியில் அவள் இறங்கிவிட்டாள்.

குழந்தை நன்றாக இருக்கிறாள். உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து பேசிய தம்பி, "குழந்தைக்கு ஒண்ணும் ஆகலையே சார்?" என்றுதான் பேச்சை ஆரம்பித்தார். ஆகவில்லை. என் மகள் பால் கட்டிய வலியில் அந்த நேரம் விழித்துக் கிடந்தாள், அதனால் ஆகவில்லை. அவள் அசந்து தூங்கியிருந்தால் இந்தக் கடிதத்தை எழுதும் நிலையில் நான் இருந்திருக்க மாட்டேன்.

நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவன் இல்லை. 31 வருடம் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவுப் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் வீட்டு உத்தரத்தில் தூளிக் கொக்கி ஒன்று இருந்தது. என் மகளே அதில் புடவைத் தூளி கட்டி வளர்ந்தவள்தான். பேத்திக்கும் அதுவே போதும் என்றாள் என் மனைவி. ஆனால் மாத செக்கப்பில் நர்ஸ் அம்மா தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார்: பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், படுக்கை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும், தலையணை கூடாது, அம்மா இருக்கும் அறையிலேயே ஆனால் தனிப் படுக்கையில் இருக்க வேண்டும். தூளியில் குழந்தை மடங்கிக் கிடக்கும்போது தாடை நெஞ்சில் முட்டும், மூச்சுக்குழாய் நெருங்கும் என்றும் சொன்னார். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி 2022இல் வெளியிட்ட அறிவுரையும் இதையேதான் சொல்கிறது. குறைந்தது ஆறு மாதம் வரை ஒரே அறை, தனிப் படுக்கை.

மகளுக்கு சிசேரியன் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். தையல் போட்ட வயிற்றோடு ராத்திரி நாலு தடவை எழுந்து நடந்து பிள்ளையைத் தூக்க முடியாது. பக்கத்திலேயே போட்டுக்கொண்டால் தூக்கக் கலக்கத்தில் மேலே புரண்டுவிடுவோமோ என்று பயம். இந்த இரண்டுக்கும் நடுவில் உங்கள் தொட்டில்தான் சரியான வழி என்று நான்தான் வீட்டில் எல்லோரையும் சம்மதிக்க வைத்தேன். உத்தரத்துக் கொக்கியை ஏணி போட்டு என் கையாலேயே கழற்றினேன். இதை எழுதக் காரணம், உங்கள் விளம்பரத்தில் ஒரு வரியை நம்பி ஒரு வீடு எவ்வளவு தூரம் போகிறது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான்.

அந்த வரி: "எந்தக் கட்டிலுக்கும் பொருந்தும்."

எங்களுடையது ஐந்தடி அகலத் தேக்குக் கட்டில். பலகை அடித்தது, மேலே இலவம்பஞ்சு மெத்தை. இந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் இப்படித்தான் இருக்கும். தொட்டிலோடு நீங்கள் அனுப்பிய தாளில் உள்ள படமோ, அடியில் இரும்புச் சட்டம் குறுக்கே ஓடும் கட்டிலைக் காட்டுகிறது. தொட்டிலைக் கட்டிலோடு பிணைக்கும் நாடாவை அந்தச் சட்டத்தில் சுற்றி பக்கிளை மாட்ட வேண்டுமாம். பலகைக் கட்டிலில் எதில் சுற்றுவது? மெத்தைக்கு அடியில் விட்டு அந்தப் பக்கச் சட்டத்தில் மாட்டலாம் என்றால் நாடா ஒரு சாண் குறைகிறது. உங்கள் சாட்டில் கேட்டேன். "கட்டில் காலில் கட்டிக்கொள்ளலாம்" என்று பதில் வந்தது. காலில் கட்டிய நாடா தொட்டிலைக் கீழ்நோக்கி இழுக்குமே தவிர, கட்டிலோடு சேர்த்து இழுக்காது. அதை அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும். கையால் ஆட்டிப் பார்த்தபோது அசையாமல் நின்றதால் விட்டுவிட்டேன். அந்தத் தவறு என்னுடையது, அதை மறைக்கவில்லை.

28ஆம் தேதி இரவு இரண்டரை மணி இருக்கும். "அப்பா!" என்று மகள் போட்ட சத்தத்தில் நானும் மனைவியும் ஓடினோம். குழந்தை ஒருக்களித்துக் கிடந்தாள். ஒரு காலும் இடுப்பும் இடைவெளிக்குள் போயிருந்தன. கன்னம் பெரிய மெத்தையின் பக்கவாட்டில் அழுந்தியிருந்தது. அழக்கூட இல்லை, முனகல் மட்டும்தான். என் மனைவி கையை அடியில் கொடுத்து மேலே தூக்கினாள். விளக்கைப் போட்டுப் பார்த்தால், மாலையில் கன்னத்தில் வைத்த திருஷ்டி மை மெத்தை உறையில் தீற்றியிருந்தது. மேல் விளிம்பிலிருந்து நாலு விரற்கடை கீழே. அவ்வளவு தூரம் அந்த முகம் கீழே போயிருக்கிறது. அந்த உறையை நாங்கள் இன்னும் துவைக்கவில்லை. ஸ்கேல் வைத்து எடுத்த படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

அப்போதே அளந்தேன். இடைவெளி 7 சென்டிமீட்டர். இது சின்ன அளவு என்று உங்களுக்குத் தோன்றலாம். குழந்தைக் கட்டிலில் கம்பிக்குக் கம்பி இடைவெளி ஏறக்குறைய 6 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்று அமெரிக்காவில் விதி இருக்கிறது. காரணம் எளிமையானது. பிறந்த குழந்தைக்கு உடம்பிலேயே பெரியது தலை. சுற்றளவு ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். இடுப்பு நுழைகிற சந்தில் தலை நுழையாது. உடம்பு கீழே இறங்கி, தலை மேலே மாட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் முகம் மெத்தையில் அழுந்தும். கழுத்து நிற்காத பிள்ளையால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் முடியாது, சத்தம் போடவும் முடியாது.

தொட்டில் ஏன் விலகியது என்று தெரியாமல் புகார் எழுத எனக்கு மனம் வரவில்லை. குழந்தைக்குப் பதில் மூன்று கிலோ பொன்னி அரிசிப் பையை வைத்து மூன்று இரவு சோதித்தேன். நாடாவை முழு பலத்தோடு இறுக்கி, பக்கிள் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டேன். மகள் வழக்கம்போல் அதே கட்டிலில் படுத்து எழுந்தாள். முதல் நாள் காலையில் கோடு பக்கிளை விட்டு 18 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது. மூன்றாம் நாள் 50. பக்கிளின் பல் வழவழவென்று இருக்கிறது, நைலான் நாடாவைக் கவ்வவில்லை. அடுத்தது சக்கரம். எங்கள் வீட்டில் சிவப்பு சிமென்ட் தரை, நாற்பது வருடம் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி மாதிரி ஆனது. சக்கரத்தைப் பூட்டினால் அது உருளாது, ஆனால் வழுக்குகிறது. அடியில் ரப்பர் இல்லை. இலவம்பஞ்சு மெத்தையில் ஒருவர் உட்கார்ந்து எழும்போது ஓரம் பிதுங்கித் தொட்டிலைத் தள்ளும். நாடா நெகிழ்கிறது, சக்கரம் வழுக்குகிறது, மெத்தை தள்ளுகிறது. ஒரு ராத்திரியில் கண்ணுக்குத் தெரியாத அளவு. மூன்று ராத்திரியில் குழந்தை இறங்கும் அளவு.

இந்த அளவுகளை எல்லாம் பிப்ரவரி 2ஆம் தேதி உங்களுக்கு அனுப்பினேன். இன்றுவரை பதில் இல்லை. அதற்கு முன் ஜனவரி 31ஆம் தேதி மாலை வந்த தொலைபேசிப் பேச்சைப் பற்றித்தான் நான் முக்கியமாக எழுத வேண்டும். அந்தத் தம்பி மரியாதையாகத்தான் பேசினார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, நடவடிக்கை எதுவும் வேண்டாம். ஆனால் அவர் சொன்னது இது: "கேப் வந்தா ஒரு டர்க்கி டவலைச் சுருட்டி டைட்டா சொருகிடுங்க சார். எல்லா கஸ்டமரும் அப்படித்தான் பண்றாங்க."

எல்லா கஸ்டமரும். இந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

சொருகிய துண்டு குழந்தையின் எடை பட்டால் அமுங்கும். அமுங்கினால் அங்கே ஒரு குழி விழும், முகம் சாய்ந்தால் மூக்கும் வாயும் துணிக்குள் போகும். பிள்ளை படுக்கும் இடத்தில் தளர்வான துணியே வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள், நீங்கள் அதையே அடைக்கச் சொல்கிறீர்கள். இன்னொன்று, சந்தில் ஆப்பு வைத்தால் இரண்டு பக்கமும் விலகும் என்பது என்னிடம் படித்த முதலாண்டு மாணவனுக்கும் தெரியும். துண்டை இறுக்கமாகச் சொருகச் சொருகத் தொட்டில் இன்னும் விலகித்தான் போகும். சேவைப் பிரிவில் இருப்பவர்களுக்கு இப்படிச் சொல்லும்படி எழுதிக் கொடுத்திருப்பது யார்?

மற்ற குறைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பால் எதுக்களிக்காமல் இருக்கத் தலைப்பக்கத்தை மூன்று படி உயர்த்தலாம் என்று விளம்பரம் செய்கிறீர்கள். ஒரு படி 6 சென்டிமீட்டர். தொட்டிலின் நீளம் 90 சென்டிமீட்டர். மூன்று படி உயர்த்தினால் சாய்வு 11 டிகிரியைத் தாண்டுகிறது. 10 டிகிரிக்கு மேல் சாயும் கைக்குழந்தைப் படுக்கைகளை அமெரிக்கா 2022இல் சட்டம் போட்டே தடை செய்துவிட்டது. அதே சட்டம் தடுத்த இன்னொரு பொருள், தொட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்பு மெத்தை. அதை நீங்கள் இலவசப் பரிசாக அனுப்புகிறீர்கள், கூடவே ஒரு கடுகுத் தலையணையும். விளம்பரப் படத்தில் குழந்தை இவை எல்லாவற்றுக்கும் நடுவில் தூங்குகிறது. "சர்வதேசத் தரம்" என்று போட்டிருக்கிறீர்கள், எந்தத் தரம் என்ற எண் பெட்டியிலும் இல்லை, தொட்டிலிலும் இல்லை. கட்டிலோடு ஒட்டும் தொட்டில்களுக்கு ஐரோப்பாவில் ஈஎன் 1130 என்று ஒரு தரநிலை இருக்கிறது. அதன்படி சோதித்த சான்று இருந்தால் அனுப்புங்கள். எச்சரிக்கைத் தாளில் தமிழ் ஒரு வரி இல்லை. இடைவெளி என்ற சொல் ஆங்கிலத்திலும் இல்லை.

நெல்லிக்குப்பத்தில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர், என் பேச்சைக் கேட்டு இதே தொட்டிலை வாங்கி வைத்திருந்தார். அவர் மனைவிக்கு இது ஒன்பதாம் மாதம். 29ஆம் தேதி விடிந்ததும் முதலில் அவருக்குத்தான் போன் செய்தேன், பிறகுதான் உங்களுக்கு மின்னஞ்சல். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு நான் சொல்லிவிட்டேன். மற்றவர்களின் பெயரும் போன் எண்ணும் உங்களிடம்தான் இருக்கின்றன.

ஆகவே நான் கேட்பது: இந்தத் தொட்டிலின் விற்பனையை உடனே நிறுத்துங்கள். வாங்கிய ஒவ்வொருவருக்கும், ஒட்டிப் பயன்படுத்த வேண்டாம், இடைவெளியில் துணி சொருக வேண்டாம் என்று அவரவர் மொழியில் குறுஞ்செய்தி அனுப்புங்கள். துண்டு பற்றிச் சொன்ன அறிவுரை தவறு என்று எனக்கு எழுத்தில் கொடுங்கள். என் பணத்தையும் திருப்பித் தாருங்கள். அதைக் கடைசியாகத்தான் கேட்கிறேன்.

2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஏற்புச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது உங்கள் கடமை. முதல் புகாரின் மாதம் பிப்ரவரி 28ஆம் தேதியோடு முடிகிறது. அதற்குள் பதில் இல்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். போதிய எச்சரிக்கையும் பயன்படுத்தும் முறையும் இல்லாமல் விற்ற பொருளுக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட அதே சட்டம் இடம் கொடுக்கிறது.

பேத்தி இப்போது நாலு பக்கமும் நிலையான மரத் தொட்டிலில், மகள் கட்டிலிலிருந்து ஒரு கை தூரத்தில் தூங்குகிறாள். கம்பிக்குக் கம்பி ஐந்தரை சென்டிமீட்டர், அளந்து பார்த்துத்தான் வாங்கினேன். இரவில் தூக்கிக் கொடுக்க நானும் மனைவியும் மாற்றி மாற்றி எழுகிறோம்.

உங்கள் தொட்டிலைக் கழற்றிப் பெட்டியில் போட்டு, "பயன்படுத்தக் கூடாது" என்று நாலு பக்கமும் மார்க்கரில் எழுதித் திண்ணையறையில் வைத்திருக்கிறேன். பக்கத்துத் தெருவில் ஒருவர் சும்மா கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றார், கொடுக்கவில்லை. எடுத்துப் போக ஆள் அனுப்பினால் கொடுப்பேன். ஆனால் இதைத் துடைத்து, மறுபடி பெட்டியில் போட்டு இன்னொரு வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்று உங்கள் நிறுவன முத்திரையோடு ஒரு கடிதம் அந்த ஆள் கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் இந்தப் பெட்டி எங்கள் வீட்டு வாசலைத் தாண்டாது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.

இணைப்பு: ரசீது நகல், மெத்தை உறை மற்றும் இடைவெளியின் படங்கள், மூன்று இரவு எடுத்த அளவுகள், சாட் உரையாடலின் நகல்.