செயலாளர் ஆண்டறிக்கை: குட்டை கோனிஃபர், கல்தொட்டி, சந்தா பாக்கி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்குற உறுப்பினர்களே, வராத உறுப்பினர்களே (உங்களுக்கும் இத அனுப்பத்தான் போறோம், தயவுசெஞ்சு படிங்க), எல்லாருக்கும் வணக்கம்.

நம்ம குட்டை கோனிஃபர் சங்கத்தோட (கோனிஃபர்னா பைன், ஸ்ப்ரூஸ், ஜூனிபர் மாதிரி ஊசியிலை மரம்) வழக்கமான விஷயங்கள மொதல்ல முடிச்சிடறேன். மாசக் கூட்டம் எல்லாம் நடந்துச்சு. செடி பரிமாற்றம் நடந்துச்சு. பாறைத்தோட்டத்துல களை எடுத்தோம், எடுத்தோம்னா வந்தவங்க எடுத்தோம். வசந்த காலத்துல மியூகோ பைன்ல குருத்து கிள்ளுறது எப்படின்னு செஞ்சு காட்டினோம். மெழுகுவர்த்தி மாதிரி நிமிர்ந்து நிக்குற புதுக் குருத்த ஊசி விரியறதுக்கு முன்னாடி பாதியில விரலால கிள்ளணும், கத்தரி போட்டா ஊசி நுனியெல்லாம் வெட்டுப்பட்டு பழுப்பாயிடும். ஊசியே இல்லாத பழைய கட்டை வரைக்கும் ஒட்ட வெட்டவே வெட்டாதீங்க, பைனோ ஸ்ப்ரூஸோ ஜூனிபரோ அந்த வெறுங்கட்டையில திரும்பத் துளிர்க்காதுன்னு அன்னைக்கே சொன்னோம். சொன்னதுக்கப்புறமும் வெட்டிட்டு வந்து மருந்து கேட்டா சங்கத்துகிட்ட மருந்து இல்ல.

இந்த வருஷம் எழுத்துல வந்த ஒரே புகார், சங்கத்துல வாங்குன மரம் வளர்ந்துடுச்சுங்கறது. வளரத்தாங்க செய்யும். குட்டை கோனிஃபர்னா ஒரு உயரத்துக்கு வந்து நின்னுடும்னு நெனச்சுகிட்டு வாங்குறாங்க, அது நிக்காது, மெதுவா வளரும், அவ்ளோதான். அமெரிக்கன் கோனிஃபர் சொசைட்டி வகுத்திருக்குற அளவுப்படி வருஷத்துக்கு 2.5 செ.மீ.க்குள்ள வளர்ந்தா மினியேச்சர், அதுக்கு மேல 15 செ.மீ. வரைக்கும் குட்டை. அந்த 15 செ.மீ.ய பத்து வருஷத்துக்குப் பெருக்கிப் பாருங்க, 1.5 மீட்டர் வருது. ஜன்னலுக்கு முன்னாடி நட்டா ஜன்னல் மறையாம என்ன செய்யும். அதனால லேபிள்ல முழுப்பேரையும் படிங்க. ஹினோகி சைப்ரஸ்ல 'நானா'ன்னு ஒண்ணு இருக்கு, 'நானா கிராசிலிஸ்'னு இன்னொண்ணு இருக்கு, நர்சரிகள்லயே ரெண்டையும் மாத்தி மாத்திக் கொடுத்துடறாங்க. மொதலாவது எத்தனையோ வருஷம் தொட்டியில அடங்கி இருக்கும், ரெண்டாவது காலப்போக்குல ஆள் உயரத்தத் தாண்டிடும்.

அதே மாதிரி 'கோனிகா' ஸ்ப்ரூஸ் வச்சிருக்கவங்களுக்கு ஒரு வார்த்தை. 1904ல கனடாவோட ஆல்பர்ட்டாவுல, அமெரிக்காவுல இருக்குற ஆர்னால்ட் ஆர்போரேட்டம்ங்கற மரத்தோட்டத்தச் சேர்ந்த ரெய்டரும் ஜாக்கும் காட்டுல கண்டெடுத்த ஒரு விசித்திர மரத்துலேருந்து பெருகி வந்ததுதான் அது, சாதாரண வெள்ளை ஸ்ப்ரூஸ் தானாவே குட்டையாப் போன வடிவம். அதனால எப்பவாவது ஒரு கிளை மட்டும் பழைய குணத்துக்குத் திரும்பி நீளமா, முரட்டு ஊசியோட கிளம்பும். அத உடனே அடியோட வெட்டி எடுத்துடணும், விட்டா மரம் முழுக்க அதுவே ஆயிடும். நம்ம சங்கத்து மரத்துல அப்படி வந்தப்ப நான் கத்தரியோட போனேன், நல்லா தழைஞ்சு வர்ற கிளையப் போய் வெட்டுறீங்களேன்னு மூணு பேர் தடுத்தாங்க, விவாதம் ஒரு கூட்டம் முழுக்க ஓடுச்சு. கடைசியில வெட்டினோம். இத குறிப்பேட்டுலயும் ஏத்தியாச்சு.

இப்ப கல்தொட்டித் திட்டத்துக்கு வர்றேன். சிமெண்டு மூட்டைக்கு எதுக்கு செலவு, பிளாஸ்டிக் தொட்டி போதாதான்னு வருஷம் பூரா கேட்டவங்க இருக்கீங்க, அதனால கொஞ்சம் விவரமாவே சொல்லிடறேன். இங்கிலாந்துல பழைய கல் சிங்க்குகள தோட்டத்துல போட்டு மலைச்செடியும் குட்டை மரமும் வளர்த்தாங்க, அந்த சிங்க் கிடைக்காமப் போனப்ப கல் மாதிரியே தெரியற கலவைய செஞ்சுகிட்டாங்க, அதுக்குப் பேர்தான் ஹைப்பர்டூஃபா. சிமெண்டு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, பீட் (மக்கின பாசி) ரெண்டு பங்கு. அட்டைப்பெட்டிக்குள்ள சின்ன அட்டைப்பெட்டி வச்சு நடுவுல இந்தக் கலவைய அமுக்கி, சுவர் 5 செ.மீ. கனத்துக்குக் குறையாம பாத்துகிட்டு, அடியில குச்சி சொருகி வடிகால் ஓட்டை விட்டோம். பிளாஸ்டிக் ஷீட் போத்தி வாரக்கணக்குல ஈரமாவே வச்சு இறுக விட்டோம். இந்த எடத்துலதான் நெறைய பேர் அவசரப்படுறாங்க, வெயில்ல காய வச்சா நொறுங்கிடும். அப்புறம் பலதடவ தண்ணி ரொப்பிக் கொட்டினோம், சிமெண்டுல இருக்குற சுண்ணாம்பு கழுவிப் போகணும்ல. மெல்லிசான சுட்ட மண் தொட்டி தண்ணிய உறிஞ்சி வச்சுக்கும், உறைபனி வந்தா அது உள்ளேயே விரிஞ்சு ஓடு ஓடா உரியும், இது நல்லா இறுகிடுச்சுன்னா அந்தப் பயம் ரொம்பக் கம்மி, அசல் கல்லவிட எடையும் கம்மி.

செங்கல் மேல தூக்கி வச்சு, பாதிக்குப் பாதி சரளை கலந்த மண் போட்டு, 'கம்ப்ரெஸ்ஸா' ஜூனிபர நடுவுல நட்டோம். தொட்டிக்குன்னே பொறந்த மரம் அது, பென்சில நட்டு வச்சாப்புல நிக்கும், ஒரு வருஷத்துக்கு சில செ.மீ. தான் ஏறும். பக்கத்துல கல்ல மூணுல ஒரு பங்கு புதைச்சு சாய்வா வச்சோம், மேல சும்மா தூக்கி வச்ச கல்லு கல்லாத்தான் தெரியும், பாறையாத் தெரியாது. பாக்க வந்தவங்க எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க. எதிர்த்து ஓட்டுப் போட்டவங்களும் நின்னு போட்டோ எடுத்துகிட்டாங்க, அதயும் பாத்தேன்.

ஆனா ஒரு தொட்டியில கோனிகா செத்துப்போச்சு. சிலந்திப்பேன்தான் காரணம்னு ஒரு பேச்சு கிளம்புச்சு. கோனிகாவுக்கு அது வர்றது சகஜம்தான், ஆனா வந்திருந்தா கிளைக்கு அடியில வெள்ளைப் பேப்பர் பிடிச்சுத் தட்டினா புள்ளி புள்ளியா நகர்றது தெரியும், ஊசிக்கு நடுவுல மெல்லிசா வலையும் இருக்கும். தட்டிப் பாத்தோம், ஒண்ணுமே நகரல, வலையும் இல்ல. தொட்டா ஊசி பொலபொலன்னு கொட்டுச்சு. தண்ணி இல்லாம காஞ்சதுதான். தொட்டி மண்ணு, அதுவும் சரளை கலந்தது, கோடையில சீக்கிரமா வறண்டுடும்னு தெரிஞ்சுதான் யார் எந்த வாரம் தண்ணி ஊத்தணும்னு முறைப்பட்டியல் போட்டோம். இதுல வில்லங்கம் என்னன்னா, கோனிஃபர் செத்த அன்னைக்கே வாடிக் காட்டாது, வேர் காஞ்சதுக்கப்புறமும் வாரக்கணக்குல பச்சையாவே நிக்கும், பழுப்பு தெரியறப்ப எந்த வாரத்துல தண்ணி ஊத்தலங்கறத கண்டுபிடிக்க முடியாது. பட்டியல்ல எல்லா வாரத்துக்கும் கையெழுத்து இருக்கு. சில கையெழுத்துங்க ஒரே பேனாவுல, ஒரே நாள்ல போட்டது மாதிரி இருக்குங்கறத மட்டும் பதிவு செய்யறேன், யாரயும் சொல்லல.

வரவு செலவ பொருளாளர் விவரமா வாசிப்பாங்க. சுருக்கமா சொன்னா கையில கொஞ்சம் இருக்கு, வர வேண்டியது அதவிட நெறைய இருக்கு. போன வருஷ சந்தா பாக்கி இன்னும் அப்படியே நிக்குது, இந்த வருஷ பாக்கியும் அதோட சேந்துகிச்சு. பரிமாற்ற நாளன்னைக்கு மட்டும் மொத ஆளா வந்து நல்ல செடியா எடுத்துட்டுப் போறவங்க பேரும் பாக்கிப் பட்டியல்ல இருக்கற பேரும் பாதிக்கு மேல ஒண்ணாவே இருக்கு. இது தற்செயலாக்கூட இருக்கலாம்.

இடம் கொடுத்தவங்களுக்கும், டீ போட்டுக் கொடுத்தவங்களுக்கும், மணல் சுமந்தவங்களுக்கும், பொறுமையா இருந்த தலைவருக்கும் நன்றி. யார் பேராவது விட்டுப்போயிருந்தா அவங்களுக்கும் நன்றி.

அடுத்த வருஷம் இன்னும் ரெண்டு தொட்டி செய்யலாம்னு என் எண்ணம், ஆனா தண்ணி ஊத்த ஆள் உறுதியா கிடைச்சாத்தான். குளிர்காலத்துலயும் கவனிப்பு வேணும், மண்ணு உறைஞ்சு கெடக்கறப்ப காத்தடிச்சா ஊசி ஈரத்த இழந்துகிட்டே இருக்கும், வேரால எடுத்துத் தர முடியாது, அதனால உறையறதுக்கு முன்னாடியே நல்லா தண்ணி விட்டு, காத்து மறைவா நகர்த்தி வைக்கணும். தொட்டிய நகர்த்த ஒருத்தரால முடியாது, போன தடவ நானும் தலைவரும் மட்டும்தான் தூக்கினோம், தலைவருக்கு இடுப்பு இன்னும் சரியாகல. செயலாளர் பொறுப்ப வேற யாராவது எடுத்துக்கறதா இருந்தா நான் குறுக்க நிக்க மாட்டேன், இத ஒவ்வொரு வருஷமும் சொல்றேன், ஒவ்வொரு வருஷமும் எல்லாரும் குனிஞ்சுகிட்டு செருப்பத் தேடறீங்க.

கடைசியா, போன குளிர்காலத்துல எடுத்து வச்ச 'புளூ ஸ்டார்' ஜூனிபர் கட்டிங் எல்லாம் நல்லா வேர் விட்டிருக்கு. எல்லாருக்கும் வர்ற அளவுக்கு இல்ல. சந்தா கட்டினவங்களுக்கு மொதல்ல கொடுக்கலாம்னு நிர்வாகக் குழு முடிவு பண்ணியிருக்கு. ரசீது புக் பின்னாடி மேசையில பொருளாளர்கிட்ட இருக்கு, சில்லறையா கொண்டுவந்தா நல்லது.