மாமாவின் பேச்சு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். சென்னையில் தங்க நல்ல இடம் அமைந்துவிட்டதா?

மாமாவுக்குப் பக்கவாதம் வந்ததைப் போனில் சொன்னேன் அல்லவா? இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். பேச்சுதான் இன்னும் திரும்பவில்லை. தண்ணீர் கேட்க வாயெடுத்தால் "த... த..." என்று நின்றுவிடுகிறது, கை மட்டும் சொம்பைக் காட்டுகிறது. ஆனால் நான் "ஒன்று" என்று எடுத்துக் கொடுத்தால் பத்து வரை தடங்கலில்லாமல் எண்ணிவிடுகிறார். கோபம் வந்தால் வசவும் முழுசாக வந்து விழுகிறது!

இது எப்படி என்று தேடித் தேடிப் படித்தேன். பாரிஸ் பக்கத்தில் பிசெத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்று ஒருவர் இருந்திருக்கிறார். முப்பது வயதில் பேச்சை இழந்தவர். எதைக் கேட்டாலும் "தான், தான்" என்பாராம், அதையே பெயராக்கிவிட்டார்கள். கோபத்தில் அவருக்கும் வசவு வருமாம். 1861-இல் புரோக்கா என்ற அறுவை மருத்துவர் அவரைப் பார்த்து, இங்கே எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்று கேட்டார். அவர் ஐந்து விரலையும் நான்கு முறை விரித்துக் காட்டி, கடைசியாக ஒரு விரலை நீட்டினார். 21 வருடம். கணக்கு சரி! இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சில நாளில் அவர் இறந்தார். மூளையைப் பார்த்தால் இடது பக்கம், நெற்றிக்குப் பின்னால் சிதைவு. அந்த இடத்தைத்தான் இன்று புரோக்கா பகுதி என்கிறார்கள். 1874-இல் வெர்னிக்கே என்ற ஜெர்மன் மருத்துவர் பேச்சுக் கோளாறில் இன்னொரு வகையை விவரித்தார். இடது காதுக்கு மேலே, சற்றுப் பின்னால் மூளை சிதைந்தால் பேச்சு சரளமாக ஓடும், பொருள்தான் இருக்காது, பிறர் பேசுவதும் பிடிபடாது. மாமாவுக்கு அப்படியில்லை. அப்புறம் லெபோர்னின் மூளையைப் பத்திரமாக வைத்திருந்து 2007-இல் ஸ்கேன் செய்தார்கள். புரோக்கா கண்ணால் பார்த்ததைவிட ஆழமாகவே சிதைவு போயிருந்தது. பேச்சு ஒரே இடத்தில் பிறப்பதில்லை, பல பகுதிகளும் அவற்றை இணைக்கும் நரம்பிழைகளும் சேர்ந்தே அதை உண்டாக்குகின்றன. வாய்க்குப் பழகிப்போன எண் வரிசையும் வசவும் வேறு வழியாக வந்துவிடுகின்றன.

வீட்டுக்கு வருகிறவர்கள் மாமாவை எதிரில் வைத்துக்கொண்டே, "இவருக்கு ஏதாவது புரியுதா?" என்று அத்தையிடம் கேட்கிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. போன மாதப் பால் கணக்கில், பால் வாங்காத ஒரு நாளையும் சேர்த்திருந்ததைப் பேனாவால் சுழித்துக் காட்டியவர் அவர்!

பயிற்சி தருகிற அம்மா இப்போது அவரது இடது கையைத் தாளமாகத் தட்டவைத்து, "தண்ணி வேணும்" என்று ராகம் போட்டுச் சொல்லவைக்கிறார். நேற்று "தண்ணி" வரை வந்தது.

பொங்கலுக்கு வருகிறாய் என்றால் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசு. ஆமாம், இல்லை என்று தலையாட்டும்படி கேள். ஒரு வார்த்தைக்குத் திணறினால் நீ முந்திக்கொண்டு முடித்துவிடாதே, எவ்வளவு நேரமானாலும் பொறு.

அன்புடன்,
முருகேசன்