எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளின் வாயில் வளரும் ஈஸ்டுக்குப் பெயர் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்ட அதிகாரிகளுக்கும் அரசு மருத்துவக் கல்லூரிகளின் நுண்ணுயிரியல் துறையினருக்கும் வணக்கம்.

எச்.ஐ.வி.யுடன் வாழும் குழந்தைகளுக்கான காப்பகம் ஒன்றில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். எங்கள் பொறுப்பிலுள்ள ஒரு சிறுமிக்கு நாக்கிலும் அண்ணத்திலும் வெள்ளைப் படலம் மீண்டும் படர்ந்தபோது மாதிரி எடுத்து அனுப்பினோம். ‘ஈஸ்ட் வளர்ந்துள்ளது’, அதாவது ஏதோ ஒருவகைப் பூஞ்சை இருக்கிறது என்ற ஒற்றை வரியோடு ஆய்வக அறிக்கை திரும்பி வந்தது. ஏற்கெனவே பலன் தராத புளூகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தையே மறுபடியும் எழுதிக் கொடுத்தார்கள்.

புண் தொண்டைக்குள் இறங்கியிருந்ததால் எச்சில் விழுங்குவதே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. கஞ்சியை நன்றாக ஆற்றிக் கரண்டி நுனியில் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்த நாள் தவறாமல் உட்கொள்ள வேண்டிய ஏ.ஆர்.டி. மாத்திரையைக் கண்டதும் வாயை இறுக மூடிக்கொண்டாள். மாத்திரை தவறினால் வைரஸ் பெருகும், நோயை எதிர்க்கும் சிடி4 அணுக்கள் குறையும், அவை குறைந்தால் ஈஸ்ட் இன்னும் வேகமாகப் படரும் என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனால், “மருந்தை ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா?” என்ற கேள்வி மட்டும் எங்களை நோக்கித் தவறாமல் வந்தது. விழுங்க முடியாத குழந்தைக்கு எப்படிக் கொடுப்பது என்று கேட்டவர்களில் ஒருவரும் சொல்லவில்லை.

ஈஸ்ட் எல்லாம் ஒன்றல்ல. வாயில் வளரும் கேண்டிடா என்ற ஈஸ்டிலேயே பல இனங்கள் உண்டு. அவற்றுள் கேண்டிடா குரூசி இயல்பிலேயே புளூகோனசோலுக்குக் கட்டுப்படாதது. கிளாப்ராட்டா பல வேளைகளில் எளிதில் கட்டுப்படுவதில்லை. எச்.ஐ.வி. நோயாளிகளின் வாயிலிருந்து பிரித்தறியப்பட்டு 1995-இல் தனி இனமாக அறிவிக்கப்பட்ட டப்ளினியென்சிஸ், ஆல்பிகன்ஸ் என்ற இனத்தைப் போலவே சீரத்தில் (இரத்தத்தின் தெளிநீரில்) முளை போன்ற குழல் விடுவதால், அந்த விரைவுச் சோதனையால் மட்டும் இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆல்பிகன்சுக்குள்ளேயே, ஏழு மரபணுத் துண்டுகளை ஒப்பிடும் முறையில் 15-க்கும் மேற்பட்ட கிளைகள் அடையாளம் காணப்பட்டுள்ளன. ஒரே வாயில் ஒன்றுக்கு மேற்பட்ட திரிபுகள் (ஓர் இனத்துக்குள்ளேயே மரபணுவால் வேறுபடுபவை) ஒரே சமயத்தில் குடியிருக்கவும் கூடும்.

ஆகவே நோய் திரும்பி வரும்போது, பழைய திரிபே ஈ.ஆர்.ஜி.11 போன்ற மரபணுக்களில் மாறி மருந்தை எதிர்த்து நிற்கிறதா, அதன் இடத்தில் வேறொன்று குடியேறியதா, அல்லது கட்டுப்படக்கூடிய அதே திரிபு உடலின் எதிர்ப்பாற்றல் குன்றியதால் மீண்டும் தலைதூக்கியதா என்று தெரிந்தாக வேண்டும். முதலாவதென்றால் மருந்தை மாற்ற வேண்டும், இரண்டாவதென்றால் அது எங்கிருந்து வந்தது என்று காப்பகத்துக்குள்ளேயே தேட வேண்டும், மூன்றாவதென்றால் ஏ.ஆர்.டி. பலனளிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒற்றை வரி அறிக்கையை வைத்துக்கொண்டு இவற்றுள் எதைச் செய்வது?

2021-இல் கருப்புப் பூஞ்சை பரவியபோது, அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக இதே மாநிலம் உடனே அறிவித்தது. பெரியவர்களின் உயிர் போனபோது பூஞ்சைக்கு முக்கியத்துவம் கிடைத்தது. குழந்தைகளின் வாயில் ஆண்டுக்கணக்காக வளரும் பூஞ்சைக்கு அது ஏன் கிடைக்கவில்லை? 2022-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலில் கேண்டிடா ஆல்பிகன்ஸ் மிக உயர்ந்த முன்னுரிமைப் பிரிவில் இருக்கிறது. எச்.ஐ.வி. உள்ளோருக்குச் சந்தர்ப்பவாதத் தொற்றுச் சிகிச்சை (எதிர்ப்பாற்றல் குன்றும்போது தாக்கும் தொற்றுகளுக்கான சிகிச்சை) கிடைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டமே சொல்கிறது. எந்த ஈஸ்ட் என்று தெரியாமல் அளிப்பதைச் சிகிச்சை என்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

கோரிக்கைக்கே வருகிறேன். ஒவ்வொரு குழந்தைக்கும் மரபணு வரிசை பார்க்கும்படி நான் கேட்கவில்லை. வாய்ப்பூஞ்சை திரும்பி வரும் குழந்தையின் அறிக்கையில் ஈஸ்டின் இனப்பெயரும், எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்ற விவரமும் கட்டாயம் இருக்க வேண்டும். வளர்த்தெடுத்த ஈஸ்டை அழித்துவிடாமல் கிளிசராலில் உறைநிலையில் காத்து வையுங்கள். அடுத்த முறை வளர்வதை அதனோடு ஒப்பிட முடியும். சண்டிகரில் நோய்க்காளான்களுக்கான தேசியச் சேகரிப்பு மையம் இருக்கிறது; அவர்களது வழிகாட்டுதலை நாடலாம்.

இனப்பெயரும் மருந்து விவரமும் இல்லாத அறிக்கை எந்தக் குழந்தைக்கும் வழங்கப்படக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்புமாறு மிகப் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
காப்பகச் செவிலியர் ஒருவர்