ரேஞ்சுக்குக் கம்ப்ரஸர் வாங்கப்போகும் கிளப் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட ரைஃபிள் கிளப்புகளின் நிர்வாகிகளுக்கும் பயிற்சியாளர்களுக்கும் பெற்றோர் குழுக்களுக்கும் வணக்கம்.

நான் ஏசி மெக்கானிக். இருபத்திரண்டு வருஷமாகக் கம்ப்ரஸரோடுதான் பிழைப்பு. என் மகள் பதினைந்து வயதில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறாள். இந்த இரண்டும் ஒரே வீட்டில் இருந்தும், ஒன்றை இன்னொன்றோடு சேர்த்துப் பார்க்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. உங்களுக்கு அந்த இரண்டு மாதம் வீணாகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். பிசிபி துப்பாக்கிகளுக்கு, அதாவது முன்கூட்டியே சிலிண்டரில் அழுத்தி நிரப்பிய காற்றால் சுடுகிற துப்பாக்கிகளுக்கு, காற்று நிரப்ப ஆன்லைனில் ஒரு சின்னக் கம்ப்ரஸர் வாங்கிவிடலாம் என்ற பேச்சு இப்போது பல கிளப்புகளில் ஓடுகிறது. வாங்குங்கள். ஆனால் விலையையும் எத்தனை நிமிஷத்தில் நிரப்பும் என்பதையும் மட்டும் பார்த்து வாங்காதீர்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது தரும் காற்று உலர்ந்ததா என்பது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்துக்கு அப்புறம் என் மகளின் குண்டுகள் கீழே விழ ஆரம்பித்தன. முதல் பத்து, பதினைந்து ஷாட் சரியாக இருக்கும். பிறகு புள்ளி 9.6, 9.4 என்று இறங்கும், குண்டு இலக்கில் ஆறு மணி முள் காட்டும் கீழ்ப்பக்கம் போகும். மூச்சு சரியில்லை என்றார்கள். தோள் தளர்கிறது என்றார்கள். நானும் அவளைத்தான் குறை சொன்னேன். காலையில் ஒரு மணி நேரம் கூடுதலாக வெறும் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்து நிற்கவைத்தோம். ஒரு போட்டி முடிந்து வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே அழுதாள். கடைசியில் துப்பாக்கியை சர்வீஸுக்குக் கொடுத்தோம். சர்வீஸ்காரர் ரெகுலேட்டரைக் கழற்றி ஒரு வெள்ளைத் தாளில் வைத்தார். உள்ளே சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி. வால்வு உட்காரும் இடத்தில் ஈரம். அலுமினியம் நனைந்து அரித்தால் அந்தப் பொடிதான் வரும். வெளியே தொங்கும் ஏசி யூனிட்டுகளில் நான் தினமும் பார்க்கிற பொடி அது. குழந்தையின் மூச்சில் குறை இல்லை, நாங்கள் நிரப்பிக் கொடுத்த காற்றில்தான் இருந்தது.

ரெகுலேட்டரின் வேலை என்னவென்றால், சிலிண்டரில் 200 பார் இருந்தாலும் 120 பார் இருந்தாலும் (பார் என்பது அழுத்தத்தின் அளவு; நம்மைச் சுற்றியுள்ள காற்று ஏறத்தாழ ஒரு பார்) ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே அழுத்தத்தில் காற்றை அளந்து கொடுப்பது. அது ஒட்டிக்கொண்டால் குண்டின் வேகம் மாறும். விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகிற பெல்லட், 10 மீட்டர் தாண்டுவதற்குள் ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் கீழே இறங்குகிறது. வேகம் ஐந்து சதவீதம் குறைந்தால் இன்னும் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் இறங்கும். இலக்கில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததுக்கும் இடைவெளியே 2.5 மில்லிமீட்டர்தான், நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். 60 ஷாட்டும் தசமத்தில் எண்ணப்படுகிற விளையாட்டு இது. குழந்தை எவ்வளவு நின்று பழகினாலும் இதை ஈடுகட்ட முடியாது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நம் ஊர்க் காற்றிலிருந்துதான். 30 டிகிரி வெயில், 75 சதவீதம் ஈரப்பதம், கடலோரத்தில் சாதாரண நாள். அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 23 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். துப்பாக்கியின் கால் லிட்டர் சிலிண்டரை 200 பாருக்கு ஏற்றினால் 50 லிட்டர் காற்றை உள்ளே திணிக்கிறோம். அதோடு ஒரு கிராமுக்கு மேல் தண்ணீரும் வருகிறது, இருபது சொட்டுக்கு மேல். அவ்வளவு அழுத்தத்தில் அது ஆவியாகவே இருக்க முடியாது, சொட்டாகிவிடும். வழியில் பிடித்து வெளியேற்றினால் சரி, இல்லாவிட்டால் துப்பாக்கிக்குள் போகும். 6.8 லிட்டர் பெரிய சிலிண்டரை 300 பாருக்கு நிரப்பினால் கால் டம்ளர் தண்ணீர். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் நிரப்புகிறவர்களின் அனுபவத்தை வைத்து எழுதிய விளம்பரத்தை நம்பி நாம் வாங்கக் கூடாது.

எங்கள் தொழிலில் பைப்லைனில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் கேபிலரி என்கிற மெல்லிய குழாய் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் ஃப்ரிட்ஜிலும் ஏசியிலும் ஈரத்தை உறிஞ்சும் ட்ரையர் வைக்கிறார்கள், கேஸ் ஏற்றுவதற்கு முன்னால் வேக்கம் போடுகிறார்கள். ஆயிரம் ரூபாய் கேஸுக்கு நாங்கள் காட்டுகிற கவனத்தை, லட்சக்கணக்கில் செலவழித்து, கடன்பட்டு வாங்கிய துப்பாக்கிக்கு நாம் காட்டுவதில்லை என்பது எனக்குத் தாங்கவில்லை.

இனி சாமான்களுக்கு வருகிறேன்.

கைப்பம்பு வேண்டாம். ஒரே ஆள் பொழுதுபோக்குக்கு வைத்துக்கொள்ளலாம். 45 கிலோ எடையுள்ள பிள்ளை 150 பாரைத் தாண்டியதும் முழு உடம்பையும் போட்டு அமுக்க வேண்டியிருக்கும். அதே கையோடு போய் லைனில் நின்றால் என்ன சுடும்?

அடுத்தது, கையில் தூக்கிப் போகிற 12 வோல்ட் பெட்டி. ஃபேன் வைத்தது, ஒரு டிஃபன் கேரியரைவிடக் கொஞ்சம் பெரியது. அழுத்தம் 300 பார் என்று போட்டிருப்பார்கள், அது வரைக்கும் ஏற்றவும் செய்யும். ஆனால் அது ஒரு துப்பாக்கிக்கான சாமான். பத்து, பதினைந்து நிமிஷம் ஓடினால் மெஷினின் தலைப்பகுதி கொதிக்கும், ஆறவிட வேண்டும். வெளியூர்ப் போட்டிக்குப் போகிற குடும்பத்துக்கு நல்லது. இதை வாங்கி இருபது பிள்ளைகளுக்கு வரிசையாக நிரப்பினால், அல்லது பெரிய சிலிண்டரை நிரப்பப் பார்த்தால், சீக்கிரமே பிஸ்டன் சீல் போய்விடும். இன்னொன்று, 300 வாட் சாமான் 12 வோல்டில் 25 ஆம்பியர் இழுக்கும். காரில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால் ஃபியூஸ் போகும். பேட்டரியிலேயே கிளிப் மாட்டுங்கள்.

மூன்றாவது, தண்ணீரில் குளிர்விக்கிற இரட்டை சிலிண்டர் மெஷின். 230 வோல்ட், 1800 வாட். பக்கத்தில் ஒரு பக்கெட், அதற்குள் சின்ன மோட்டார். பல கிளப்புகள் இதைத்தான் பார்த்து வைத்திருக்கிறீர்கள். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இது வேலை செய்யும் என்பதுதான் என் கணிப்பு. ஆனால் பக்கெட்டில் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். நம் ஊர் உப்புத் தண்ணீர் கொஞ்ச நாளில் உள்ளே படிந்து வழியை அடைத்துவிடும். கெய்சர் காயிலை வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆர்ஓ தண்ணீரோ பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரோ போதும். பழைய கட்டடங்களில் 5 ஆம்பியர் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் போட்டு ஓட்டக் கூடாது, 15 ஆம்பியர் சாக்கெட் வேண்டும். ஆயில் மெஷினோடு கொடுத்த புத்தகத்தில் சொன்னதே இருக்கட்டும். இருநூறு, முந்நூறு பாரில் தவறான ஆயில் காற்றோடு கலந்தால் டீசல் இன்ஜினுக்குள் நடப்பது அங்கேயும் நடக்கும், அழுத்தத்தின் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும்.

எதை வாங்கினாலும் தனியாக ஒரு ஃபில்டர் வாங்குங்கள். மெஷினோடு வரும் விரல் நீளச் சின்ன ஃபில்டரை நம்பாதீர்கள். ஒரு கையளவு நீளத்துக்கு ஸ்டீல் குழாய், உள்ளே ஈரத்தை உறிஞ்சும் மாலிக்யூலர் சீவ் குருணை, கொஞ்சம் கரி, அதற்கு முன்னால் தண்ணீரும் ஆயிலும் பிரிகிற ஒரு பகுதி, அடியில் தேங்கியதை வெளியே விடும் பிளீடு வால்வு. பட்ஜெட் இடித்தால் மெஷினில் ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள், ஃபில்டரில் குறைக்காதீர்கள். ஓடும்போது ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அந்த வால்வைக் கொஞ்சமாகத் திறந்து மூடுங்கள். ஒரு வெள்ளை டிஷ்யூவை எதிரே தள்ளிப் பிடியுங்கள். முதல் தடவை நான் பிடித்தபோது காப்பி டிகாக்ஷன் நிறத்தில் ஒரு வட்டம் விழுந்தது, ஈரமாக, எண்ணெய் வாடையோடு. அதை மடித்துச் செயலாளர் மேஜையில் வைத்தேன். அதற்கு அப்புறம் எங்கள் கிளப்பில் ஃபில்டர் பற்றி யாரிடமும் பேச வேண்டியிருக்கவில்லை.

செலவில்லாத ஒரு வழியும் இருக்கிறது. 10 மீட்டர் ரேஞ்சில் ஏசி இருந்தால், பயிற்சி முடிந்த பிறகு கம்ப்ரஸரை அந்த அறைக்குள் வைத்து ஓட்டுங்கள். 25 டிகிரி, 50 சதவீதம் ஈரப்பதம் உள்ள காற்றில் ஒரு கன மீட்டருக்கு 12 கிராம்கூட இல்லை. வெளியே இருப்பதில் பாதி. ஏசி ஏற்கெனவே அந்தத் தண்ணீரைப் பிடித்து வடிகுழாயில் விட்டுவிட்டது. சத்தம் இருக்கும், அதனால்தான் பயிற்சிக்கு அப்புறம் என்றேன்.

ஒவ்வொரு துப்பாக்கியையும் கம்ப்ரஸரிலிருந்து நேராக நிரப்புவதைவிட, ஒரு பெரிய சிலிண்டரை நிரப்பி வைத்துக்கொண்டு அதிலிருந்து பிள்ளைகளுக்குக் கொடுப்பது நல்லது. பெரியவர் ஒருவர் வாரத்தில் ஒரு நாள் பொறுமையாக, பிளீடு செய்து செய்து நிரப்பலாம். பிள்ளைகள் மெஷின் பக்கமே போக வேண்டாம். 300 பாரில் உள்ள 6.8 லிட்டர் சிலிண்டர் 200-க்கு இறங்குவதற்குள், 100 பாரில் கொண்டுவருகிற துப்பாக்கிகளை ஏறத்தாழ 25 தடவை நிரப்பலாம். கடலோரக் கிளப்புகளுக்கு இன்னொரு யோசனை: புதுச்சேரி மாதிரி ஸ்கூபா சொல்லிக்கொடுக்கும் மையங்கள் பக்கத்தில் இருந்தால், மெஷினே வாங்காமல் சிலிண்டரை அங்கே நிரப்பிக்கொள்ள முடியுமா என்று கேட்டுப்பாருங்கள். மனிதர் மூச்சுவிடுகிற காற்று அது; எண்ணெயும் ஈரமும் நீக்கித்தான் நிரப்புவார்கள். அது கிடைத்தால் மேலே சொன்ன எந்த மெஷினையும்விட மேல்.

இனிச் சொல்வதைக் கமிட்டிக் கூட்டத்தில் ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.

போட்டித் துப்பாக்கிகளின் சிலிண்டர் பெரும்பாலும் 200 பாருக்குச் செய்தது. கம்ப்ரஸரும் பெரிய சிலிண்டரும் 300 வரைக்கும் போகும். நடுவில் நிற்பது ஒரு கேஜும் ஒரு கையும்தான். ஆட்டோ ஸ்டாப்பை 190-இல் வையுங்கள், வால்வை முடி அளவு திறந்து மெதுவாக நிரப்புங்கள். வேகமாக நிரப்பினால் சிலிண்டர் சூடாகி 200 காட்டும்; ஆறியதும் 185-க்கு வந்துவிடும், மறுபடி ஏற்றுவார்கள். அழுத்தம் மீறினால் தானே கிழிந்து காற்றை வெளியேற்ற, பாதுகாப்புக்காக வைத்த மெல்லிய தகடான பர்ஸ்ட் டிஸ்க் கிழிந்தால் அதே அளவு புதுசு போடுங்கள். கனமான தகட்டை வெட்டி அங்கே வைக்கிற கைவேலையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வைத்தவர் நல்ல மனசுக்காரர்தான், பிள்ளைகள் காத்திருக்கிறார்களே என்று செய்தார். அந்தத் தகடு கிழியாது, பதிலுக்கு ஹோஸ் கிழியும்.

சிலிண்டர் கழுத்தில் தேதி இருக்கும். துப்பாக்கிச் சிலிண்டருக்குப் பத்து வருஷம் என்று தயாரித்தவர்கள் போட்டிருப்பார்கள். தேதி தாண்டாமல் பார்த்துக்கொள்வது சுடுகிறவர் பொறுப்பு என்று சர்வதேச விதியே சொல்கிறது. பழைய துப்பாக்கியைக் கைமாற்றி வாங்குகிற குடும்பங்கள் நம்மிடம் அதிகம். அவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. பெரிய சிலிண்டருக்கு கேஸ் சிலிண்டர் விதிகள் 2016 பொருந்தும், குறித்த காலத்தில் ஹைட்ரோ டெஸ்ட், அதாவது தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் சோதனை, செய்தாக வேண்டும்.

ஆக்சிஜனை மட்டும் தொடாதீர்கள். பக்கத்து வெல்டிங் பட்டறையில் 150 பார் ஆக்சிஜன் நிற்கிறதே, அவசரத்துக்கு அதிலிருந்து ஏற்றிக்கொள்ளலாமா என்று ஒரு அப்பா என்னிடமே கேட்டார். ஆக்சிஜனும் எண்ணெய்ப் பசையும் அழுத்தத்தில் சேர்ந்தால் தீப்பொறிகூட வேண்டாம், வெடிக்கும். லீக் பார்க்க நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் ஏற்றக் கூடாது என்பது எங்கள் தொழிலில் வேலைக்குச் சேரும் பையனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது. உங்கள் ரேஞ்சில் ஒரு பலகையில் எழுதி மாட்டுங்கள்.

லண்டனில் 2012-இல் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கிய ககன் நாரங் பிறந்தது சென்னையில். அதே பிரிவில் சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் பிறந்தது கடலூரில். இரண்டு பேரும் வளர்ந்து பழகியது வேறு மாநிலங்களில். இங்கேயே பிறந்து இங்கேயே பழகுகிற பிள்ளைகள் இப்போது நம் ரேஞ்சுகளில் நிற்கிறார்கள். என் மகளின் ரெகுலேட்டரைச் சுத்தம் செய்து ஓ-ரிங்குகளை மாற்றிக் கொடுத்த பிறகு, முதல் பத்து ஷாட் சீரிஸில் 103.8 சுட்டாள். திரும்பி என்னைப் பார்த்து, "அப்பா, கீழே போகலை" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குப் பெரும்பாலும் வேலை இருக்காது. எந்தக் கிளப்பிலாவது ஃபில்டர் மாட்டவோ, இருக்கிற மெஷினைப் பார்க்கவோ ஆள் வேண்டுமென்றால் பயிற்சியாளர்கள் மூலம் சொல்லி அனுப்புங்கள். பஸ் செலவுகூட வேண்டாம். ஒரு 15 ஆம்பியர் சாக்கெட்டும் ஒரு டிஷ்யூ கட்டும் மட்டும் தயாராக வைத்திருங்கள்.

இப்படிக்கு,
ரேஞ்சில் பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அப்பாக்களில் ஒருவன்