பழைய இரும்பாகப் போவதற்குள் ஃபார்முலா மாருதியைப் பதிவு செய்யுங்கள்

இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்புக்கும், சென்னை, கோவை பந்தயக் கழகங்களுக்கும், பழைய பந்தயக் கார்களை இன்னும் ஷெட்டில் மூடி வைத்திருக்கும் குடும்பங்களுக்கும்,

வணக்கம்.

போன ஆடி மாதம் மோட்டாருக்கு ஒரு உதிரிபாகம் தேடி சிங்காநல்லூர் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தேன். சுவரில் சாய்த்து வைத்திருந்த குழாய்ச் சட்டம் ஒன்று கண்ணில் பட்டது. கேட் செய்யக் கொண்டுவந்த குழாய் என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் பின்பக்கத்தில் என்ஜின் உட்காரும் கொக்கிகள், சஸ்பென்ஷன் மாட்டும் காதுகள், எல்லாம் அப்படியே இருந்தன. மாருதி கார் என்ஜினைப் பூட்டி ஓட்டிய ஒற்றை இருக்கைப் பந்தயக் காரான ஃபார்முலா மாருதியின், கையால் பற்றவைத்த சட்டம். சரி, முன்பாதி எங்கே என்று கேட்டேன். "அத நேத்தே கட் பண்ணிப் போட்டாச்சுங்க, பழைய கோ-கார்ட்டுதானுங்களே" என்றார் கடைக்காரர். அவர் மேல் தவறில்லை. அது என்ன வண்டி என்று அவருக்குச் சொல்ல ஒரு எழுத்துகூட அதன் மேல் இல்லை.

மிச்சமிருந்த பாதியை எடை போட்டு வாங்கி வந்தேன். இப்போது என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. அதில் யார் உட்கார்ந்து ஓட்டினார்கள், எந்த வருடம், எந்தக் குழு என்று தெரிந்துகொள்ள நம்மிடம் ஒரு பதிவேடு இருந்திருந்தால், இந்த மடலுக்கு வேலை இருந்திருக்காது.

இந்த நாட்டிலிருந்து இதுவரை இரண்டே பேர்தான் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டியிருக்கிறார்கள். கோவையின் நரேன் கார்த்திகேயன், சென்னையின் கருண் சந்தோக். நரேனின் முதல் பந்தயம் ஸ்ரீபெரும்புதூரில், ஃபார்முலா மாருதியில். அதிலேயே முதல் மூன்று இடங்களுக்குள் வந்தார். கருண் 2000ல் ஃபார்முலா மாருதி பட்டம் வென்றார், அடுத்த வருடமே ஆசிய அளவிலான ஃபார்முலா ஏசியா தொடரையும் வென்றார். இரண்டு பேருமே ஏறிய முதல் படி, நம் ஊர்ப் பட்டறையில் செய்த ஒரு சின்ன வண்டி. அந்தப் படியின் வரலாறு எடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்பதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

இளைஞர்களுக்கு அந்த வண்டி எப்படிப் பிறந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில்தான் பல ஆண்டுகள் பந்தயம் நடந்தது. 1953ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதை நடத்தியது. கூட்டம் அலைமோதும். ஆனால் முன்வரிசையில் நின்ற ஒற்றை இருக்கைக் கார்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. அந்நியச் செலாவணி, சுங்கவரி, அனுமதி என்று எல்லாவற்றையும் தாண்டி ஒரு காரைத் தருவிக்க ராஜ குடும்பமாகவோ பெரிய தொழில் குடும்பமாகவோ இருக்க வேண்டும். சாதாரண வீட்டுப் பையன் கயிற்றுக்கு வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

இதை மாற்றியவர் எஸ். கரிவரதன். அவரும் வசதியான ஆலைக் குடும்பத்துப் பிள்ளைதான். சோழவரத்தில் வேகமான வெளிநாட்டுக் கார்களில் ஓட்டி ஜெயித்தவர்தான். தான் ஜெயித்தால் போதும் என்று அவர் நின்றுவிடவில்லை என்பதுதான் அவர் மேல் எனக்குள்ள மரியாதை. 1983 கடைசியில் மாருதி 800 சாலைக்கு வந்தது. சில வருடங்களிலேயே அதன் பாகங்கள் ஊருக்கு ஊர் கிடைக்க ஆரம்பித்தன. மூன்று சிலிண்டர், 796 சிசி, நாற்பது குதிரைத்திறனைத் தொடாத ஒரு குடும்பக் கார் என்ஜின். சாலைக் காரில் முன்னால் இருந்து முன் சக்கரங்களை இழுக்கும் அந்த என்ஜினையும் கியர்பெட்டியையும் ஓட்டுநருக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்து, பின் சக்கரங்களை ஓட்டவிட்டார். சுற்றிலும் குழாய்ச் சட்டம், மேலே ஃபைபர் கிளாஸ் உடம்பு. மாருதி என்ஜின் பூட்டிய இந்திய ஒற்றை இருக்கைக் கார் என்ற பொருளில் ஃபிஸ்மே என்று சுருக்கிக் கூப்பிட்டார்கள். பந்தயக்காரர்கள் வாயில் அது ஃபார்முலா மாருதிதான்.

இது ஏதோ ஏழைக்கேற்ற எள்ளுருண்டை என்று யாரும் நினைக்க வேண்டாம். உலகம் முழுக்க இளைஞர் பந்தயம் இப்படித்தான் வளர்ந்தது. ஃபோக்ஸ்வேகன் பீட்டில் பாகங்களை வைத்து அமெரிக்காவில் உருவான ஃபார்முலா வீ 1963ல் முறையான வகுப்பானது. 1967ல் பிரிட்டனில் பிராண்ட்ஸ் ஹாட்ச் களத்தில் ஃபார்முலா ஃபோர்டு தொடங்கியது. அதுவும் சாலைக் காரின் என்ஜின்தான். பிரேசிலில் ஃபார்முலா வீ ஓட்டி வளர்ந்த எமர்சன் ஃபிட்டிபால்டி, பிரிட்டனுக்குப் போய் ஃபார்முலா ஃபோர்டு ஓட்டி, 1972ல் உலகச் சாம்பியன் ஆனார். அவருடைய பேரன் பியேத்ரோ 2015-16ல் எம்ஆர்எஃப் சாலஞ்ச் என்ற தொடரில் பட்டம் வென்றபோது, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு வந்து ஓட்டினார். அன்றைக்கு எனக்குத் தோன்றியது இதுதான்: இந்தப் பையனின் தாத்தா ஏறிய படிக்கும் நம் நரேன் ஏறிய படிக்கும் ஒரே கணக்குதான். மக்கள் வாங்கும் காரின் என்ஜின், எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டி, மிச்சமெல்லாம் ஓட்டுபவனின் கை.

எனக்கு இந்தப் பித்து என் மாமாவிடமிருந்து வந்தது. லேத் பட்டறை வைத்திருந்தார். பந்தய வாரங்களில் ஒரு குழுவோடு உதவிக்குப் போவார். விடுமுறை நாளாக இருந்தால் என்னையும் கூட்டிப்போவார். இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் டிராக் 1990ல் திறந்த பிறகு எங்கள் பயணமெல்லாம் அங்கேதான். பயிற்சி ஓட்டம் முடிந்து வண்டி உள்ளே வந்ததும் மாமா பேச மாட்டார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கைக்குட்டையில் வைத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். முனை செங்கல் நிறத்தில் இருந்தால் சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கறுத்திருந்தால் அதிகம். "கண்ணு, என்ஜின் பொய் சொல்லாது, பாத்துக்கோ" என்பார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து நாற்பது பக்க நோட்டை எடுத்து, எந்தச் சுற்று, எவ்வளவு நேரம், என்ன நிறம் என்று எழுதி வைப்பார். விரலில் இருந்த கிரீஸ் எல்லாப் பக்கத்திலும் ஒட்டியிருக்கும்.

அந்த வண்டி என்ன கற்றுக்கொடுத்தது என்று அப்போது புரியவில்லை. வளர்ந்த பிறகு புரிந்தது. திறன் குறைந்த காரில் ஒரு திருப்பத்தில் தேவைக்கு மேல் பிரேக்கை மிதித்துவிட்டால், போன வேகத்தைத் திரும்ப எடுக்க அடுத்த நேர்ப்பாதை முழுவதும் ஆகும். அதற்குள் இரண்டு பேர் தாண்டிப் போய்விடுவார்கள். அதனால் வேகத்தை விடாமல் திருப்பத்துக்குள் கொண்டுபோகப் பழகியே ஆக வேண்டும். தனியாகப் பிரிந்து ஓடவும் முடியாது. முன்னே போகும் காரின் முதுகுக் காற்றில் ஒட்டிக்கொண்டு ஐந்தாறு வண்டிகள் கொத்தாகத்தான் சுற்றி வரும். பக்கத்துச் சக்கரம் நம் சக்கரத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் சுழலும். சக்கரம் திறந்திருப்பதால் உரசினால் அவ்வளவுதான். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டுப் போனதால்தான் நரேனால் 1994ல் பிரிட்டிஷ் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்று, ஐரோப்பாவில் பந்தயப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் ஆக முடிந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1996ல் ஃபார்முலா ஏசியா பட்டம், 2005ல் ஜோர்டான் குழுவில் ஃபார்முலா ஒன். பிறகு நடந்தவை உங்களுக்கே தெரியும்.

கரிவரதன் அதையெல்லாம் பார்க்கவில்லை. 1995ல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையத்தில் பி. விஜயகுமார் கட்டிய டிராக்குக்கு அவர் பெயரை வைத்தது நல்ல காரியம். 2003ல் திறந்த அந்த 2.1 கிலோமீட்டர் பாதை இல்லையென்றால் கோவைப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் களமே இருந்திருக்காது. ஆனால் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்று டிக்கெட்டில் படிக்கும் பதினைந்து வயதுப் பையனிடம் கரி யார் என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டிருக்கிறேன். தார் ரோட்டின் நிறம் கரி, அதனால் அந்தப் பெயர் என்று ஒரு பையன் சொன்னான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்கிறேன். நம் இளைஞர் பந்தயத்தின் கதை நூல் அறுந்துபோனதற்குப் பெயர் மாற்றமும் ஒரு காரணம். ஃபார்முலா மாருதிக்குப் பிறகு ஃபார்முலா எல்ஜிபி வந்தது. அதிலேயே ஸ்விஃப்ட், ஹூண்டாய் என்று பிரிவுகள். ஃபார்முலா ரோலன் வந்தது. எம்ஆர்எஃப் தன் தொடரை நடத்தியது. 2023ல் இந்திய ஃபார்முலா 4 தொடங்கியது, பிரான்ஸின் மைகேல் நிறுவனம் செய்த கார்ச் சட்டங்களோடு. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு விளக்கில் அந்தக் கார்கள் ஓடியதை நான் நேரில் பார்த்தேன். கண்ணில் நீர் வந்தது. பணம் கொடுப்பவர் பெயரை வைப்பது நியாயம்தான், அவர்கள் இல்லாமல் பந்தயம் இல்லை. ஆனால் ஒவ்வொரு பெயரும் வரும்போது முந்தையது துடைக்கப்படுகிறது. இன்று எல்ஜிபி ஃபார்முலா 4 ஓட்டும் பிள்ளை, தான் ஒரு நீண்ட வரிசையில் நிற்கிறோம் என்பது தெரியாமலே நிற்கிறான்.

எனவே என் வேண்டுகோள் இது. கூட்டமைப்பு முன்னின்று, முதல் ஃபார்முலா மாருதி பந்தயத்திலிருந்து இன்றைய ஃபார்முலா 4 வரை, தேசிய அளவில் நடந்த ஒற்றை இருக்கை இளைஞர் பந்தயங்களின் முடிவுகளை ஒரே பதிவேடாகத் தொகுத்து எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். பெயர் எத்தனை மாறினாலும் வரிசை ஒன்றாக இருக்கட்டும். கழகங்களின் அலமாரியில் முடிவுத்தாள்கள் இருக்கும், ஓட்டுநர்கள் வீட்டில் கோப்பைகளும் செய்தித்தாள் துண்டுகளும் இருக்கும். ஒரு கடிதம் போட்டுக் கேட்டால் கொடுப்பார்கள்.

அதைவிட அவசரம், ஆட்களிடம் பேசுவது. சட்டத்தைப் பற்றவைத்த வெல்டர், ஃபைபர் அச்சு எடுத்தவர், கியர் கம்பியை வளைத்தவர் எல்லோருக்கும் இன்று அறுபது, எழுபது வயது. இவர்கள் பெயர் எந்தக் கோப்பையிலும் இல்லை. வரைபடம் பாதி காகிதத்தில் இருந்தது, மீதி இவர்கள் கையில் இருந்தது. என் மாமா இரண்டு வருடங்களுக்கு முன் காலமானார். அவரை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசிப் பதிவு செய்ய எனக்கே தோன்றாமல் போய்விட்டது. அந்தக் குற்ற உணர்வோடுதான் இதை எழுதுகிறேன்.

பிறகு கார்கள். எந்த ஷெட்டில் எந்தச் சட்டம் இருக்கிறது என்று கணக்கெடுத்து எண் கொடுங்கள். பிரிட்டனில் 1972க்கு முந்தைய ஃபார்முலா ஃபோர்டு கார்களுக்கென்றே தனிப் பந்தயம் நடத்துகிறார்கள். அதனாலேயே அந்தப் பழைய வண்டிகள் ஓட்டத்தோடு இருக்கின்றன. நம்மிடம் பந்தயம் நடத்தும் அளவுக்கு வண்டி தேறாவிட்டாலும் பரவாயில்லை. தேசியச் சாம்பியன்ஷிப்பின் கடைசிச் சுற்று அன்று மதிய இடைவேளையில் நான்கைந்து ஃபார்முலா மாருதிகள் மெதுவாக ஒரு சுற்று வரட்டும். மாருதி 800 என்ஜினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் இன்னும் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். செலவு பெரிதாக ஆகாது.

குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அப்பாவோ சித்தப்பாவோ ஓட்டிய வண்டி தார்ப்பாய்க்குக் கீழே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கலாம். வீட்டை விற்கும்போது, இடம் மாறும்போது, அதைத்தான் முதலில் வெளியே தள்ளத் தோன்றும். தள்ளுவதற்கு முன் ஒரு கழகத்துக்குப் போன் செய்யுங்கள். யாரும் எடுக்கவில்லையென்றால் நான் வந்து எடுத்துக்கொள்கிறேன், வண்டி வாடகையும் என்னுடையது.

என் மாமாவின் நோட்டுகள் மூன்று கிடைத்திருக்கின்றன. சில பக்கங்களில் எண்ணெய் ஊறி எழுத்து மங்கிவிட்டது. ஆனால் கார் எண்களும் சுற்று நேரங்களும் பெரும்பாலும் படிக்கும்படி இருக்கின்றன. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பாதிச் சட்டத்தையும் துரு ஏறாமல் ரெட் ஆக்சைடு அடித்து வைத்திருக்கிறேன். இரண்டையும் கொடுத்துவிடுகிறேன். எந்த முகவரிக்குக் கொண்டுவர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு பந்தய ரசிகன்