ஹாவெலின் கோப்புகளைத் திறக்கும்போது: நோபல் அமைதிப் பரிசுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நார்வே நோபல் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

காந்திக்குப் பரிசு தராமல் விட்டதுதான் உங்கள் வரலாற்றின் மிகப் பெரிய விடுபடல் என்று உங்கள் செயலாளராக இருந்த கெய்ர் லுண்டெஸ்டாட் 2006-இல் சொன்னார். தாமதமானாலும் சொன்னாரே, சரி. அந்த வரிசையில் இன்னொரு பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்: செக் நாடக ஆசிரியராக இருந்து பின்னாளில் அதிபரான வாட்ஸ்லாவ் ஹாவெல். அவர் 2011 டிசம்பர் 18 அன்று இறந்துவிட்டார். இறந்தவருக்குப் பரிசு இல்லை என்ற விதியும் தெரியும். நான் கேட்பது பதக்கத்தை அல்ல, விளக்கத்தை.

1936-இல் பிராக் நகரத்தின் வசதியான குடும்பத்தில் பிறந்ததே ஹாவெலுக்கு வினையானது. முதலாளி வீட்டுப் பிள்ளை என்று, விரும்பிய படிப்பில் இடம் தரவில்லை கம்யூனிஸ்ட் அரசு. ஆய்வகத்தில் வேலை பார்த்தபடி மாலைப் பள்ளியில் படித்தார். நாடக அரங்கில் மேடைத் தொழிலாளியாக நுழைந்து நாடக ஆசிரியரானார். 1968-இல் சோவியத் டாங்கிகள் வந்தன. அப்புறம் அவர் நாடகங்கள் சொந்த நாட்டில் மேடையேறவில்லை. 1974-இல் டிருட்னோவ் என்ற ஊரில் ஒரு பீர் ஆலையில் கூலி வேலை. மறு ஆண்டு கட்சித் தலைவர் குஸ்தாவ் ஹுசாக்குக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். நாட்டில் தெரியும் ஒழுங்கு பயத்தால் வந்தது என்பது அதன் சாரம். (அன்று அங்கே அப்படி ஒரு மடல் எழுதியவர் சிறைக்கும் தயாராக இருக்க வேண்டும். இந்த மடலுக்காக என் வீட்டுக் கதவை யாரும் தட்டப்போவதில்லை.)

1977 ஜனவரி 6 அன்று, 'சாசனம் 77' அறிக்கையைக் காரில் எடுத்துப்போன ஹாவெலையும் நடிகர் பாவெல் லாண்டோவ்ஸ்கியையும் போலீஸ் மடக்கியது. அரசே கையெழுத்திட்ட மனித உரிமை ஒப்பந்தங்களை அரசு மதிக்க வேண்டும் என்பதற்கு மேல் அதில் பெரிதாக எதுவும் இல்லை. ஹாவெலோடு சாசனத்தின் பேச்சாளராக இருந்த தத்துவப் பேராசிரியர் யான் படோச்கா, தொடர் விசாரணைகளுக்குப் பின் அந்த மார்ச்சிலேயே இறந்தார். 1979-இல் ஹாவெலுக்கு நாலரை ஆண்டுச் சிறை. 1983-இல் நிமோனியா முற்றிய பிறகுதான் வெளியே விட்டார்கள்.

என் குறை இந்த ஆண்டுகளைப் பற்றியது. அடைபட்டுக் கிடப்பவருக்கு உங்கள் பரிசு எவ்வளவு உதவும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நாஜிகளின் பிடியில் இருந்த ஜெர்மன் பத்திரிகையாளர் ஒசியெட்ஸ்கிக்குக் கொடுத்தீர்கள். 1975-இல் சோவியத் அறிவியலாளர் சகாரவ், 1983-இல் போலந்துத் தொழிற்சங்கத் தலைவர் வலேசா. மாஸ்கோவும் போலந்தும் கண்ணில் பட்டன, பிராக் மட்டும் படவில்லை.

1989 டிசம்பர் 29 அன்று, கம்யூனிஸ்டுகள் நிறைந்த நாடாளுமன்றமே அவரை ஒருமனதாக அதிபராக்கியது. 1991-க்குள் சோவியத் படையினர் 70,000-க்கும் மேற்பட்டவர்கள் ஒரு சண்டையும் இல்லாமல் வெளியேறினார்கள். அந்த 1991-இல் நீங்கள் ஆங் சான் சூகிக்குப் பரிசளித்தீர்கள். அவரைப் பரிந்துரைத்ததே ஹாவெல்தான். 2010 ஜனவரி 6 அன்று, சாசனத்தோடு பிடிபட்டுச் சரியாக 33 ஆண்டுகள் கழித்து, அதே லாண்டோவ்ஸ்கியையும் கூட்டிக்கொண்டு பிராகின் சீனத் தூதரக வாசலில் நின்றார், சிறையில் இருந்த சீன எழுத்தாளர் லியு சியாபோவுக்காக. கதவு திறக்கவில்லை, கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். அந்த ஆண்டுப் பரிசு லியுவுக்கு. ஹாவெல் கைகாட்டிய இந்த இருவருக்கும் கொடுத்தீர்கள். காந்தி பெயரில் இந்திய அரசு வழங்கும் அமைதிப் பரிசு, 2003-ஆம் ஆண்டுக்கானது, ஹாவெலுக்குப் போனது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

அதிபர் ஹாவெல் மேல் எனக்கும் விமர்சனம் உண்டு. வந்ததும் வராததுமாக அவர் அறிவித்த பொதுமன்னிப்பில் 20,000-க்கும் மேற்பட்ட கைதிகள் வெளியே வந்தார்கள். அந்தக் கோபம் மக்களிடம் நெடுநாள் இருந்தது. செக்கோஸ்லோவாக்கியா பிரிவதை அவரால் தடுக்க முடியவில்லை. 1992 ஜூலையில் பதவி விலகி, அடுத்த ஜனவரியில் செக் குடியரசின் அதிபராகத் திரும்பினார். 2003-இல், பதவிக்காலம் முடியச் சில நாள்களே இருந்தபோது, இராக் விஷயத்தில் அமெரிக்காவை ஆதரித்த எட்டுத் தலைவர்களின் கடிதத்தில் கையெழுத்திட்டார். இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் 2003-இன் கையெழுத்து, 1979-இன் மௌனத்துக்குக் காரணமாக இருந்திருக்க முடியாதே!

உங்கள் பரிந்துரைக் கோப்புகளுக்கு ஐம்பதாண்டுப் பூட்டு, அதுவரை வெளியே காட்டுவதில்லை. சாசனம் 77 காலத்துக் கோப்புகள் விரைவில் ஒவ்வொன்றாகத் திறக்கும். பெயர்ப் பட்டியலோடு நிறுத்தாமல், ஆலோசகர்களின் மதிப்பீட்டு அறிக்கைகளையும் எல்லோரும் படிக்கும்படி இணையத்தில் போடுங்கள். 1990-ஐத் தொட்ட கோப்புகளுக்கு 2040 வரை பொறுக்க வேண்டும், அது உங்கள் விதி. ஆனால் நோபல் இணையதளத்தில் காந்தியைப் பற்றி வந்ததுபோல ஹாவெலைப் பற்றியும் ஒரு விரிவான கட்டுரை வெளியிட எந்தப் பூட்டும் தடையில்லை.

இப்படிக்கு,
ஒரு தமிழ் வாசகர்