நைட் டூட்டி சிஸ்டருக்கும் கூட நின்ன எல்லாருக்கும் நன்றி

வயித்துப் புத்துநோய்க்கு ஆபரேஷன் முடிஞ்சு அப்பா வீட்டுக்கு வந்துட்டாரு. என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், அத திரும்ப எழுத இப்போ தெம்பு இல்ல. ரத்தம் குடுத்த தம்பிங்க, காப்பீட்டு பேப்பர கையில வெச்சுக்கிட்டு கவுண்டர் கவுண்டரா அலைஞ்ச சித்தப்பா, வீட்டையும் ஆட்டையும் பாத்துக்கிட்ட எதிர் வீட்டு அக்கா, கேக்காமலே பணம் போட்டுவிட்ட ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ், ஆபரேஷன் பண்ண டாக்டருங்க, எல்லாருக்கும் கையெடுத்து கும்புடுறேன்.

ஆனா நான் எழுத உக்காந்ததே அந்த நைட் டூட்டி சிஸ்டருக்காகத்தான். பயாப்சி ரிசல்ட் வந்ததுலருந்து அம்மா சரியாவே சாப்பிடல. பாக்க வந்த சொந்தக்காரங்கள்ல ஒருத்தர், காரம் உப்பெல்லாம் ஜாஸ்தி போட்டு சமைச்சியோன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு. அன்னிலருந்து இதே புலம்பல்தான், கருவாடும் ஊறுகாயுமா போட்டு நாந்தான் மனுஷன இப்படி ஆக்கிட்டேன்னு. நாங்க என்ன சொன்னாலும் காதுல ஏறல.

ராத்திரி ரவுண்ட்ஸ் முடிச்சு வந்த சிஸ்டர், வராண்டாவுல அம்மா அழறத பாத்துட்டு பக்கத்துல தரையிலயே சம்மணம் போட்டு உக்காந்துட்டாங்க. மிசோரம் பொண்ணு, தமிழ் கொஞ்சம் திக்கித் திக்கித்தான் வரும். "இந்தியாவுலயே எங்க ஊர்லதான் இந்த நோய் ஜாஸ்திம்மா. பன்னிக்கறிய அடுப்புக்கு மேல தொங்கவிட்டு புகை போட்டு வெச்சு சாப்பிடுவோம். எங்க தாத்தாவுக்கு வந்தப்போ எங்க பாட்டியும் இப்படித்தான் அழுதாங்க"ன்னு சொன்னாங்க. அம்மா அப்பத்தான் தலைய நிமிந்து பாத்தாங்க.

அப்புறம் அம்மா கைய எடுத்து மடியில வெச்சுக்கிட்டு ஒவ்வொரு விரலா மடக்குனாங்க. முதல்ல கட்டைவிரல், எச். பைலோரின்னு ஒரு கிருமி, பெரும்பாலும் சின்ன வயசுலயே வந்து வயித்துல தங்கிடும், வருஷக்கணக்கா உள்ள புண்ணாக்கிக்கிட்டே இருக்கும், ஆனா அது இருக்குற நூறு பேர்ல ஒண்ணு ரெண்டு மூணு பேருக்குத்தான் புத்துநோய் வரைக்கும் போகுமாம். அடுத்தது உப்பும் புகை போட்ட சாப்பாடும். அப்புறம் பீடி சிகரெட். அப்புறம் வயசு, அதுலயும் ஆம்பளைங்களுக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. கடைசியா சுண்டுவிரல், ரத்த சொந்தத்துல யாருக்காவது வந்திருக்கறது. உப்புக்கு பங்கே இல்லன்னு ஆறுதலுக்குக் கூட பொய் சொல்லல அவங்க. "இதுல ஒத்த விரல மட்டும் புடிச்சு இதுதான் காரணம்னு யாரும் சொல்ல முடியாதும்மா, நீங்களும் அதே சாப்பாடுதானே சாப்பிட்டீங்க?"

அம்மா ரொம்ப நேரம் மடக்குன விரலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. விடிஞ்சதும் ரெண்டு இட்லி வாங்கிட்டு வரச் சொன்னாங்க.

ஒரு காலத்துல டாக்டருங்களே அல்சருக்கு காரமும் கவலையும்தான் காரணம்னு நம்பிட்டு இருந்தாங்களாம். அது இந்தக் கிருமியோட வேலைன்னு காட்ட, ஆஸ்திரேலியாவுல பேரி மார்ஷல்னு ஒரு டாக்டர் 1984ல எச். பைலோரிய அவரே குடிச்சு, தன் வயித்துலயே கேஸ்ட்ரைட்டிஸ், அதாவது இரைப்பை அழற்சி, வரவெச்சு காட்டினாரு. 1994ல உலக சுகாதார நிறுவனத்தோட புத்துநோய் ஆய்வு அமைப்பு அத புத்துநோய் உண்டாக்குற கிருமின்னு அறிவிச்சது, 2005ல மார்ஷலுக்கும், அவரோட சேந்து அந்த கிருமிய கண்டுபிடிச்ச ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு குடுத்தாங்க. இவ்வளவும் நடந்து முடிஞ்ச பிறகும் நம்ம ஊர்ல இன்னும் சமைச்சவளத்தான் கேள்வி கேக்குறோம், தயவு செஞ்சு ஆஸ்பத்திரிக்கு பாக்கப் போறவங்க அந்தக் கேள்விய மட்டும் கேக்காதீங்க.

அப்பாவோட ரத்தம்ங்கறதால நானும் தம்பியும் அத்தையும் கிருமி டெஸ்ட்டுக்கு குடுக்கப் போறோம், மலத்துலயோ ஊதிப் பாக்குற டெஸ்ட்டுலயோ தெரிஞ்சிடும், இருந்தா பெரும்பாலும் 14 நாள் மாத்திரைதான். அசிடிட்டி மாத்திர போடுறவங்க டாக்டர்கிட்ட கேட்டு ரெண்டு வாரம் முன்னாடியே நிறுத்திட்டுப் போகணும், இல்லன்னா கிருமி இருந்தும் இல்லன்னு வந்துடும். தம்பி சிகரெட்ட விடுறேன்னு அப்பா கைல அடிச்சு சொல்லியிருக்கான்.

டிஸ்சார்ஜ் அன்னிக்கு சிஸ்டருக்கு வேற வார்டுல டூட்டி, பாக்க முடியல. அங்க வேலை பாக்குறவங்க யாராவது இத படிச்சா அவங்களுக்கு படிச்சுக் காட்டுங்க. லீவுல ஊருக்குப் போறப்போ அவங்க பாட்டிய ரொம்ப கேட்டதா சொல்லணும்னு அம்மா சொல்லச் சொன்னாங்க.